மாமியாரின் ஈஸ்ட்டும் சகலையின் படமும்

அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், லிஃப்டிலிருந்து நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில், சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. தினமும் காலையில் அது கோணலாக இருக்கும். மத்தியானத்துக்குள் யாராவது நேராக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் கோணல். கட்டடம் ஆடுகிறதோ என்று பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்து மட்டம் வைத்துக்கூடப் பார்த்தார். கட்டடம் ஆடவில்லை. ஆடியது ஒரு முழங்கை.

முழங்கைக்குச் சொந்தக்காரர் பெரியவர். வயதாலும் உருவத்தாலும் வந்த பெயரில்லை அது. மாமியார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. அது தேய்ந்து பெரியவர் ஆயிற்று. அந்த வீட்டின் சின்ன மாப்பிள்ளை, அதாவது அவருடைய சகலை, சின்னவர். சின்னவர் பெரியவரைவிட அரையடி உயரம். இரண்டு பேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையின் இரண்டு முனைகளில் டெக்னீஷியன்களாக உட்கார்ந்திருந்ததால் வீட்டுப் பெயர் வேலையிடத்துக்கும் வந்துவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள்தான் திணறுவார்கள். "சின்னவரைக் கூப்பிடு" என்று சொன்னால், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டு ஒருவர் உள்ளே வருவார்.

சின்னவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவர்தான். மைத்துனி கண்ணைக் கசக்கினாள், மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பெரியவர் போய்ச் சிபாரிசு செய்தார். தன் வாழ்நாளில் செய்த ஒரே பரோபகாரம் இப்படித் தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அவருடைய வேலை ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைக்கும் நல்ல ஈஸ்ட் அல்ல, அதன் உருப்படாத ஒன்றுவிட்ட சொந்தங்கள். திடமான உடம்பில் இவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். ஆபரேஷன் முடிந்து, ரத்தக்குழாயில் ட்யூப் செருகி, எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கும் நோயாளி கிடைத்தால் ரத்தத்துக்குள்ளேயே குடித்தனம் வந்துவிடும். கிளப்புவதற்கு இருக்கும் மருந்துகளோ கொஞ்சம். அந்தக் கொஞ்ச மருந்துக்கும் மசியாத ஈஸ்ட்டுகள் உலகத்தில் பெருகிக்கொண்டு வருவதால், ஆஸ்பத்திரியில் கிடைக்கும் ஒவ்வொரு ஈஸ்ட்டும் எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்குத் திமிறுகிறது என்று சோதித்துப் பார்த்துக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. பெரியவர் அந்த ஏற்பாட்டின் கண்.

சோதனை பார்ப்பதற்கு எளிது. வட்டமான பிளேட்டில் வெளிர்நீலக் கூழ் உறைந்திருக்கும். அதன்மேல் ஈஸ்ட்டைச் சீராகப் பூசி, நடுவில் மருந்தில் ஊறிய ஒரு சின்னக் காகித வில்லையை வைத்து, இன்குபேட்டரின் கதகதப்பில் விட்டுவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் பிளேட் முழுக்க ஈஸ்ட் பாய் விரித்தாற்போல் வளர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் மருந்து பரவிய தூரத்துக்கு ஒன்றும் முளைக்காமல் வெற்று வட்டம் தெரியும். வட்டம் அகலமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வட்டமே இல்லாமல் ஈஸ்ட் வில்லையை உரசிக்கொண்டு வளர்ந்திருந்தால், அது மசியாத ஜாதி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில ஈஸ்ட்டுகள் மருந்திடம் நன்றாக அடி வாங்கிய பிறகும் வட்டத்துக்குள் மெல்லிய பனிமூட்டம் போல் ஏதோ கொஞ்சம் முளைத்து வைக்கும். விழுந்தவன் மண்ணில் கிடந்தபடி முனகுகிற மாதிரி. ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பெயரே 'முனகல்'. முனகலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்காகவே பிளேட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து வெறும் கண்ணால்தான் அளக்க வேண்டும். லென்ஸைத் தொடக் கூடாது. ஒரு நாள் வளர்ந்ததும் அளந்துவிட வேண்டும். வளர்ச்சி சோனியாக இருந்தாலொழிய இன்னொரு நாள் விடக் கூடாது, விட்டால் முனகல் தடித்துக் கூச்சல் போலத் தெரியும். பெரியவர் இந்தப் பாடத்தைப் பயிற்சிக்கு வந்த எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், கறுப்புத் துணியை உதறிக் காட்டி, குரலைத் தாழ்த்தி, ஏதோ மந்திரோபதேசம் மாதிரி.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. அது எந்தப் பிளேட்டிலும் வளரக்கூடியதல்ல. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் கையெழுத்தைப் பார்த்து அவருக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. தன் கல்யாணத்தன்று பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளைக்குக் கூட்டம் அதிகம் என்று முகம் வாடினார். கல்யாணப் படத்தில் அந்த வாட்டம் இன்னும் இருக்கிறது, வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறாமை என்று அதற்குப் பெயர் வைத்தால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார்.

அந்த நியாயம் பொங்கி வழிந்தது ஒரு பல்லால். கடைவாய்ப் பல் ஒன்று பிராணனை வாங்கியதால் பெரியவர் ஒரே ஒரு நாள் லீவு போட்டார். அன்றைக்கு அவருடைய பிளேட்டுகளைச் சின்னவர் பார்த்தார். அதில் இருந்த ஒன்று, சோதிக்கிற மருந்து எதற்கும் மசியாத, எளிதில் கிடைக்காத ஈஸ்ட். கட்டில் கம்பியிலும் கைப்பிடியிலும் ஒட்டிக்கொண்டு ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் ரகம். சின்னவர் மறுபடி சோதித்தார், விதிப்படி சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவையே காலி செய்து கழுவினார்கள். பரவியிருந்தால் பல உயிர் போயிருக்கும் என்று பெரிய கூட்டத்தில் பேசினார்கள். பிளேட்டைக் கையில் பிடித்தபடி சின்னவர் நிற்கும் படம் கண்ணாடி போட்டுச் சுவருக்கு வந்தது. வாசல் காவலாளி அவருக்கு சல்யூட் வைக்க ஆரம்பித்தான்.

"என் மேசை, என் பிளேட்டு, நான் பூசி வச்ச ஈஸ்ட்டு" என்று பெரியவர் வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பல்லை அடுத்த வாரம் பிடுங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி.

அன்றையிலிருந்து அவர் ஒவ்வொரு பிளேட்டையும், லாட்டரிக்காரன் சீட்டைப் பார்ப்பதுபோல, நம்பிக்கையோடு திறந்தார். எல்லா ஈஸ்ட்டும் அடங்கி ஒடுங்கி அகல அகலமாக வட்டம் காட்டிற்று. நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். பெரியவருக்குப் பொழுது விடிந்தால் ஏமாற்றம்.

இந்த நிலையில்தான் மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

மாமியார் தையல் கடை நடத்தியவர். கடையை விட்டு வருஷங்களாகியும் யாரைப் பார்த்தாலும் கண் முதலில் தோள்பட்டையை அளக்கும். குடலில் அடைப்பு என்று ஆபரேஷன் செய்தார்கள். அது நல்லபடியாக முடிந்து, ட்யூப்பும் சொட்டு மருந்துமாகப் படுத்திருந்தபோது காய்ச்சல் கண்டது. ரத்தத்தை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஈஸ்ட் வளர்ந்தது.

"சொந்தக்காரங்க சாம்பிளை வேற ஆள் பார்க்கணும். அதுதான் முறை" என்றார் துறையின் தலைமை டாக்டர். ஒரு வரி பேசினால் அடுத்த வரி பேசலாமா என்று யோசிக்கிற பெண்மணி அவர். மேசையின் இரண்டு முனைகளையும் பார்த்தார். ஒரு முனையில் பெரிய மாப்பிள்ளை, மறு முனையில் சின்ன மாப்பிள்ளை. "அந்தம்மாவுக்கு இன்னொரு பொண்ணு இருந்திருந்தா இன்னொரு மேசை வாங்கியிருக்கணும். சரி, பெரியவரே, நீங்க முதல்ல பாருங்க. ரெசிஸ்டன்ட்டுனு, மருந்துக்கு மசியலைன்னு வந்தா சின்னவர் ரெண்டாவது தடவை பார்த்த பிறகுதான் வார்டுக்குச் சொல்லணும். எப்பவும் போல."

இதற்குள் வழக்கமான மருந்தை வார்டில் ஆரம்பித்துவிட்டார்கள். மாமியாருக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டும் வந்தது. பெரியவர் பார்க்கப் போனபோது அவர் தலையணையில் சாய்ந்து, போனை நர்ஸின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க சின்ன மாப்ள. மேல மாடியில மாட்டியிருக்காங்களே, அதேதான். சட்டை என் தையல். தோள் எப்படி உட்கார்ந்திருக்கு பாரு."

"இவங்க யாரும்மா?" என்று நர்ஸ் பெரியவரைக் காட்டிக் கேட்டாள்.

"இவரும் அங்கதான் இருக்காரு" என்றார் மாமியார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு பெரியவர் மாடி ஏறினார். லிஃப்ட் காலியாகத்தான் இருந்தது; அவருக்கு நினைவில்லை. ஏறும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மாமியாரின் ஈஸ்ட் மட்டும் மசியாத ஈஸ்ட்டாக இருந்துவிட்டால்? அதைத் தன் கண் கண்டுபிடித்துவிட்டால்? படத்துக்குப் படம், மாமியாருக்கு மாமியார். ஒரு மனிதன் தன் மாமியாரின் ரத்தத்தில் ஓடும் கிருமிக்கு நல்ல திடகாத்திரத்தைக் கொடு என்று மனதார வேண்டிக்கொண்டது மருத்துவ வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அவர் அதை அப்படி நினைக்கவில்லை. அத்தை நல்லா இருக்கணும் என்றுதான் நினைத்தார். ஈஸ்ட்டும் நல்லா இருக்கணும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் பிளேட்டை எடுத்துக் கறுப்புத் துணிமேல் வைத்தார். ஈஸ்ட் தரைவிரிப்புப் போலத் தடிமனாக வளர்ந்திருந்தது. நடுவில் நல்ல அகலமான வட்டம். உள்ளே, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மெல்லிய மூட்டம். முனகல். எந்த மாணவனாவது இதை எடுத்து வந்து கேட்டிருந்தால், மருந்து கேட்கிறது என்று எழுதச் சொல்லி அனுப்பியிருப்பார்.

பெரியவர் தரைவிரிப்பைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு, "வளர்ச்சி கொஞ்சம் சோனியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு நாள் இருக்கட்டும் என்று பிளேட்டை இன்குபேட்டருக்குள் திருப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவருக்கு விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் பெரியவரும் ஃபிரிட்ஜின் உறுமலும்தான். பிளேட்டை எடுத்தார். மூட்டம் ஒரு சுற்றுத் தடித்திருந்தது, ஆனால் மூட்டம்தான். அவர் கை மேசை இழுப்பறைக்குள் போயிற்று. மருந்துப் பாட்டில்களில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் படிக்க அங்கே ஒரு லென்ஸ் கிடந்தது. அதைத் துடைத்தார். பிளேட்டின்மேல் பிடித்தார்.

லென்ஸுக்குள் ஒரு காடு தெரிந்தது. புள்ளி புள்ளியாக, கொத்துக் கொத்தாக, வில்லையின் விளிம்புவரைக்கும். பெரியவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நாள் வெறும் கண்ணால் பார்த்துக் காலத்தை வீணடித்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று.

போனை எடுத்தார்.

"லேபிலேர்ந்து பேசறேன் மேடம். அந்தம்மாவோட ஈஸ்ட், ரெசிஸ்டன்ட் மாதிரி தெரியுது."

"மாதிரியா, ரெசிஸ்டன்ட்டா?" என்றாள் வார்டின் இளம் டாக்டர்.

பெரியவர் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் சகலையின் படம். "ரெசிஸ்டன்ட்."

"ரெண்டாவது ரீடிங் முடிஞ்சுதா?"

"நாளைக்கு முடிஞ்சிரும். அதுவரைக்கும் காத்திருக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வயசானவங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

இப்படி ஒருவர் சொன்ன பிறகு எந்த டாக்டர் காத்திருப்பாள்? வழக்கமான மருந்தை நிறுத்திப் பெரிய மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது பொல்லாத மருந்து. எந்த ஈஸ்ட்டையும் சாய்த்துவிடும். சாய்க்கும்போது நோயாளியையும் உலுக்கி எடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வேறு வழியில்லாதபோது எடுக்கிற ஆயுதம்.

சாயங்காலம் பெரியவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். கம்பளிக்குமேல் கம்பளி போர்த்தியும் மாமியாரின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பெரியவரின் மனைவி அம்மாவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள" என்றார் மாமியார், தாடை நடுங்க. "டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. ஞாயித்துக்கிழமைகூட வந்து, உட்கார்ந்து... இல்லன்னா நான் போயிருப்பேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை."

"சின்ன மாப்ள ஊருக்கே கண்டுபிடிச்சாரு. நீங்க எனக்காகக் கண்டுபிடிச்சீங்க. அது வேற, இது வேற." நர்ஸ் பக்கம் திரும்பினார். "இவரு எங்க பெரிய மாப்ள."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பெரியவர் காத்திருந்த வார்த்தை அது. வந்துவிட்டது. அதை முழுசாக அனுபவிக்க முடியாமல் அந்தப் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் குறுக்கே வந்துகொண்டேயிருந்தது.

"நடுக்கம் நின்னுருமில்ல?" என்று மனைவி வராந்தாவில் கேட்டாள்.

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"முந்தின மருந்துலகூடக் காய்ச்சல் இறங்கிட்டுத்தான இருந்துச்சு?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியவர். கேள்வி நியாயமானது என்பதால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் படம் வழக்கத்தைவிடக் கூடுதல் கோணலாக இருந்தது. சின்னவர் வந்தார், கையைக் கழுவினார், மாமியாரின் பிளேட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்தார். குனிந்து பார்த்தார். துணியை நகர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணா, இது எப்ப வச்சது?"

"ஏன்?"

"ரெண்டு நாளுக்கு மேல ஆன மாதிரி இருக்கு. உள்ள இருக்கறது முனகல்தானே?"

"முனகலா?" பெரியவர் சிரித்தார். சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. "தம்பி, நீங்க இந்தக் கதவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே முனகல்னு பேர் வச்சது நாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் புதுசா ஒரு பிளேட்டு போட்டுடறேன். நாளைக்குத் தெரிஞ்சிரும். அதுவரைக்கும் வார்டுக்குச் சொல்ல வேணாம்."

பெரியவர் கறுப்புத் துணியின் சுருக்கத்தை நீவினார். சின்னவர் அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா?"

"வயசானவங்க."

"பெரிய மருந்தா ஏத்தறாங்க? அத்தைக்கா?" சின்னவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணா, நீங்களே மேடம்கிட்டச் சொல்லிடுங்க. நான் எதுவும் பேசலை. நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கங்க."

இந்தப் பெருந்தன்மைதான் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. வசவு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சகலைக்கு உயரம் இருக்கிறது, படம் இருக்கிறது, சல்யூட் இருக்கிறது. இப்போது பெருந்தன்மையும் அவன்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா?

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா தம்பி?" என்றார். "இன்னொருத்தன் பேர் வாங்கிடுவானோன்னு மனசு அரிக்குது பாருங்க, அது நல்லதில்ல. உடம்பைக் கெடுத்துரும்."

சின்னவர் புதுப் பிளேட் எடுக்கப் போய்விட்டார்.

அப்போது போன் அடித்தது. வார்டு நர்ஸ். "சார், உங்க மாமியாருக்கு ராத்திரியிலேர்ந்து யூரின் சரியாப் போகலை. கிட்னி ரிப்போர்ட் ஏறியிருக்கு. ரெண்டாவது ரீடிங் என்னாச்சுன்னு டாக்டர் கேக்கறாங்க. அடுத்த டோஸைத் தயார் பண்ணிட்டிருக்கோம்."

"ஒரு நிமிஷம்" என்று பெரியவர் போனை வைத்தார்.

பிளேட் கறுப்புத் துணிமேலேயே கிடந்தது. லென்ஸ் இழுப்பறைக்குள் இருந்தது. அவர் இழுப்பறையைத் திறக்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்தார். எத்தனையோ மாணவர்களின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த அதே கண். வட்டம் நல்ல அகலம். உள்ளே பனிமூட்டம். பிளேட் பாவம், சனிக்கிழமையிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காதில் அந்தப் பல் சத்தம் கேட்டது.

இப்போது அவருக்கு முன்னால் இருந்தது ஒரே வேலை. தலைமை டாக்டரின் அறைக்குப் போய், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாமியாரின் சிறுநீரகம் பிழைக்கும். 'இவரு எங்க பெரிய மாப்ள' போய்விடும். அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு நெடிய உருவம் தலைமை டாக்டரின் அறைப் பக்கமாக நடந்து போவது தெரிந்தது.

சகலைதான். முந்திவிடப் போகிறான். மாமியாரைக் காப்பாற்றிய பேரையும் அவனே தட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு அதற்கும் ஒரு படம் மாட்டுவார்கள்.

அந்த நடைபாதையில் பெரியவர் ஓடியதை முன்பும் யாரும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. சின்னவரைத் தோளால் உரசிக்கொண்டு தாண்டினார். கதவைத் தட்டாமல் திறந்தார்.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். அத்தையோட ஈஸ்ட் ரெசிஸ்டன்ட் இல்லை. முனகல். ரெண்டாவது நாளும் வச்சேன். லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது ரீடிங்குக்கு முன்னாடி நானே போன் பண்ணிட்டேன். மருந்தை நிறுத்தச் சொல்லுங்க."

தலைமை டாக்டர் அவரைப் பார்த்தபடியே போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். அடுத்த டோஸ் நிறுத்தப்பட்டது. நாளைக்குப் புதுப் பிளேட்டைப் பார்க்கும்வரை பழைய மருந்தே போதும் என்றார். சிறுநீரகம் இவ்வளவில் தேறிக்கொள்ளும், தண்ணீர் நிறைய ஏற்றுங்கள் என்றார். போனை வைத்தார்.

"தனியாத்தானே வந்தீங்க? எதுக்கு இந்த ஓட்டம்?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சின்னவர் அந்த அறையைத் தாண்டி, ஸ்டோர் ரூமில் மருந்து வில்லை டப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே போகத்தான் வந்திருந்தார். கொடுத்த வாக்குப்படி அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

"ஏன் அப்படிப் பார்த்தீங்க, பெரியவரே?" என்றார் தலைமை டாக்டர். "உங்களுக்குத் தெரியாத விஷயமா?"

அதற்குப் பதில் ஒரே ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை பெரியவருக்கு வாயில் வராது. "நியாயம்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"அந்தப் பிளேட்டைக் குப்பையில போட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார் தலைமை டாக்டர்.

மறுநாள் சின்னவரின் பிளேட்டில் வட்டம் முழு நிலவு மாதிரி இருந்தது. மாமியாருக்கு நடுக்கம் நின்று, யூரின் போய், பசிக்கவும் ஆரம்பித்திருந்தது. விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் பெரியவர்தான் என்று மனைவி தீர்ப்பளித்திருந்ததால் அவர் கட்டிலருகே நின்று சொன்னார். கூட்டிக் குறைக்காமல் சொன்னார். கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

மாமியார் கடைசிவரை கேட்டார்.

"அப்ப சின்ன மாப்ள கண்டுபிடிச்சா ஊருக்கு நல்லது. நீங்க கண்டுபிடிச்சா எனக்குக் குளிருது."

"மன்னிச்சிருங்க அத்தை."

"எத்தனை பேருக்கு இடுப்பளவு எடுத்திருப்பேன் மாப்ள? டேப்பைப் பிடிக்கும்போது அவங்க ஆசைப்படற அளவையா எழுதுவேன்? எழுதினா ஜாக்கெட் ஏறுமா?" சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "டிஸ்சார்ஜ் ஆனதும் உங்க வீட்டுக்குத்தான் வர்றேன். சின்னவ வீட்டுக்குன்னு சொல்லியிருந்தேன், அது கேன்சல். பண்ணினவங்கதான் பார்த்துக்கணும். ஒரு மாசம். வெந்நீர் நீங்களே வச்சுக் கொடுக்கணும்."

இது தண்டனை என்று மாமியார் நினைத்தார், மனைவியும் நினைத்தாள். பெரியவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் கீழே இறங்கும்போது, சின்னவர் வீட்டில் புது மெத்தை வாங்கிப் போட்டு வைத்திருந்தது அவர் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மெத்தை காலியாகக் கிடக்கும். நடையில் லேசாக ஒரு துள்ளல் வந்துவிட்டது. அவர் அதை அடக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் சுவரில் இரண்டாவது படம் ஏறியது. தலைமை டாக்டரின் ஏற்பாடு. கறுப்புத் துணிமேல் அந்தப் பிளேட். அதைப் பிடித்திருக்கும் பெரியவரின் கட்டைவிரலும் ஓரத்தில் விழுந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'இது மசியாத ஈஸ்ட் அல்ல. லென்ஸைக் கீழே வையுங்கள், ஒரு நாளில் அளவெடுங்கள், மற்றவர் பார்க்காமல் போனைத் தொடாதீர்கள்.' பெயர் போடவில்லை. போடத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் வாரம் பெரியவர் பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போய் வந்தார். இரண்டாம் வாரம் ஒருநாள் லிஃப்டில் வந்து இறங்கியபோது அங்கே ஒரு கூட்டம் நின்றது. பயிற்சி மாணவர்கள், பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் இரண்டாவது படத்துக்கு எதிரே. போனில் படம் பிடித்துக்கொண்டார்கள், முனகல் எங்கே முடிகிறது என்று விரலால் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். முதல் படத்தின் எதிரே யாரும் இல்லை. அதில் ஒரு மனிதர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

கூட்டத்துக்குப் பின்னால் சின்னவர் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"அண்ணா, உங்களோடதுல பிரிண்ட்டு நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "சைஸும் கொஞ்சம் பெரிசு. இல்ல?"

"அப்படியா? நான் கவனிக்கலை தம்பி" என்றார் பெரியவர். அகலமும் உயரமும் அவருக்கு மனப்பாடம்.

"எல்லாரும் இதுலதான் கத்துக்கறாங்கன்னு மேடம் சொன்னாங்க. என்னுதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் உள்ளே போனார். வழக்கத்துக்கு மாறாக, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

அன்றோடு பெரியவரின் முழங்கை ஓய்வு பெற்றது. காலை நேரங்களில் சகலையின் படம் நேராக இருக்க ஆரம்பித்தது. வீட்டில் மாமியாருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் சொல்லும் குறைகளைக் கேட்டுவிட்டு, நல்ல மனநிலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை, அவர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது தன் படம் கோணலாக இருப்பதைப் பார்த்தார்.

கிட்டே போனார். சட்டத்தின் மேல் மூலையில் யாரோ இடித்திருந்தார்கள். அந்த உயரத்துக்குத் தன் முழங்கை எட்டாது என்று அவருக்குத் தெரியும். அந்த நடைபாதையில் யாருடைய முழங்கை எட்டும் என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் பார்த்தார். ஆய்வுக்கூடத்துக்குள் சின்னவர் முதுகைக் காட்டிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு, காலியான ஒரு பிளேட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தன் வாழ்நாளில் தன்னைப் பார்த்து ஒருவர் வயிறு எரிந்ததற்குப் பெரியவருக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அது. அவர் படத்தைத் தொடவில்லை. நேராக்க வந்த துப்புரவுத் தொழிலாளியையும் கையமர்த்தினார்.

"இருக்கட்டும்மா" என்றார். "அப்படியே இருக்கட்டும்."